மரியாயி மேல்மாடிக்கு ஏறிய கதை

பலாபத்வலச் சந்தியில் பதுர்தீன் ஹாஜியாரின் மிளகுக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக மிளகு மிதிப்பவள் மரியாயி. வயது ஐம்பத்தொன்று. அப்பா சவரிமுத்து கொக்கோத் தோட்டத்தில் காவல்காரராக இருந்தவர். அம்மா ஞானம்மா பெற்றது ஏழு, நின்றது மூன்று. மூத்தவள் மரியாயி, நடுவில் ஒருத்தி கல்யாணமாகி வவுனியாப் பக்கம் போனாள், கடைக்குட்டி கிறிஷாந்த். மரியாயியை அவளுடைய தாய்மாமன் அருளப்பனின் இரண்டாவது மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்தார்கள். அவன் ஒருநாள் வெங்காயம் ஏற்றப் போன லொறியில் தம்புள்ளைக்குப் போனான். லொறி திரும்பி வந்தது. அவன் வரவில்லை. பிள்ளையும் இல்லை. அன்றிலிருந்து தம்பி வீட்டில்தான் அவள் இருப்பு. தம்பி பெண்சாதி சுதர்சினி மாத்தளை டவுனில் அம்மன் கோயில் பக்கத்துக் குடும்பம். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். இந்தச் சங்கதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

மிளகு மிதிப்பது ஏனோதானோவென்று செய்கிற வேலையில்லை. பறித்து வரும் பச்சைக் குலைகளைக் குவித்துச் சாக்கால் மூடி ஒரு நாள் புழுங்க விடுவார்கள். பிறகு சிமெந்துத் தரையில் பரப்பி, மணி வேறு காம்பு வேறாகக் காலால் பிரிக்க வேண்டும். குதிகாலைப் போட்டால் மணி நசுங்கும். முன்பாதத்தில் நின்று, பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, மெதுவாக உருட்ட வேண்டும். காரம் விரலிடுக்கில் ஏறிக்கொண்டு எரியும். பருவம் முடியும்வரை மரியாயியின் பாதம் கறுத்துப்போய்த்தான் கிடக்கும். "மரியாயி மிதிச்சா ஒரு மணி ஒடையாது" என்று ஹாஜியார் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார். ஆனால் அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கடைக்கு மேலே பலகைத் தளம் போட்ட பெரிய அறை ஒன்று சும்மா கிடந்தது. போன வருஷம் தைமாதம், தபால் கந்தோரில் வேலை பார்த்த நோபர்ட்டின் மகள் ஜெனிஸ்டா அதை எடுத்துப் பாலே நடன வகுப்புத் தொடங்கினாள். கொழும்பில் பத்து வருஷம் படித்துச் சோதனையெல்லாம் பாஸ் பண்ணிய பிள்ளை. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஏழு வயது, எட்டு வயதுப் பெண்பிள்ளைகள் பதினொரு பேர் வருவார்கள். தாய்மார் குடையும் தண்ணீர்ப் போத்தலுமாக மாடிப்படியில் வரிசையாகக் குந்திக்கொள்வார்கள். மேலே பதினொரு பிள்ளைகளும் ஒன்றாகக் குதித்தால், கீழே பலகை இடுக்கு வழியாகத் தூசி மிளகில் கொட்டும்.

"மனுஷன் தின்னுற சாமான்" என்றார் ஹாஜியார். "மரியாயி, ஏறிப் போய் அந்த மிஸ்ஸுக்கு சொல்லிட்டு வா."

மரியாயி ஏறிப் போனாள். கதவடியில் நின்றாள். சுவரோரம் இடுப்புயரத்துக்கு ஒரு மரக்கம்பி அடித்திருந்தார்கள். பிள்ளைகள் ஒரு கையால் அதைப் பிடித்து, பாதங்களை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து, முழங்காலை மடக்கி மெதுவாக இறங்கினார்கள், மெதுவாக எழும்பினார்கள், பிறகு முன்பாதத்தில் நின்றார்கள். பியானோச் சத்தம் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவள் செய்த காரியம்தான். ஆனால் இவர்கள் காலுக்குக் கீழே மிதிப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததை ஒருத்தி இவ்வளவு கவனமாக மிதிக்கலாமா என்று அவளுக்கு வியப்பாகிப் போனது.

இறங்கி வந்தாள்.

"சொன்னியா?"

"மறந்துட்டேன் ஹாஜியார்."

"ஏறிப்போன காரியத்தையே மறந்தியா? நல்லாத்தான் ஈக்கிது!"

அடுத்த சனிக்கிழமை வேலையை இரண்டரைக்கே முடித்து, குழாயடியில் கால் கழுவி, மறுபடி ஏறினாள்.

"என்னங்க அக்கா, தூசியா?" என்றாள் ஜெனிஸ்டா.

"இல்லங்க மிஸ். சேரணும்."

"யாரை? பேத்தியா?"

"என்னை."

ஜெனிஸ்டா சிரிக்கவில்லை. அது அவளுடைய நல்ல குணம். "பெரியவங்களுக்கு வகுப்பு இல்லையே அக்கா."

"அப்ப சின்னவங்களோட நிக்கிறேன். எனக்கு உயரம் கூடன்னு பின்னுக்கு விடுங்க."

ஜெனிஸ்டா சரியென்று சொல்லி அனுப்ப, கொழும்பிலிருந்து மெல்லிய தோல் சப்பாத்து ஒரு சோடி வந்தது. இளஞ்சிவப்பு. அன்றைக்குக் கம்பிக்குப் பக்கத்தில் போக மரியாயி என்ன செய்தாள் தெரியுமா? வாசலில் சப்பாத்தைக் கழற்றி, சோடியாகச் சேர்த்து வைத்து, வெறுங்காலோடு உள்ளே போனாள். ஆடுகிற இடத்துக்கு யார் செருப்போடு போவார்கள்? அவள் கழற்றியதைப் பார்த்த ஹாஜியாரின் பேத்தி ஷஸ்னா தன்னுடையதையும் கழற்றினாள். பிறகு ஒன்றொன்றாகப் பதினொன்றும் கழற்றின. வாசலில் பன்னிரண்டு சோடி இளஞ்சிவப்புச் சப்பாத்து, உள்ளே பன்னிரண்டு சோடி வெறுங்கால். ஜெனிஸ்டா தலையில் கைவைத்துக்கொண்டு, "அக்கா, இது உள்ளுக்கு போடத்தான்!" என்றாள். "இத எங்க போட்டுக்கிட்டு வெளிய போறது, ஒரு மழைக்குத் தாங்குமா?" என்று மரியாயி கேட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அன்றிலிருந்து அவள் அவர்களில் ஒருத்தி.

பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. படியில் குந்தியிருந்தவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. அதிலும் ஷஸ்னாவின் தாய் றமீஸாவுக்கு. மாமனாரின் கடையில் மிளகு மிதிக்கிற மனுஷியும் தன் மகளும் ஒரே கம்பியைப் பிடிப்பதா? பேச்சு படியிலிருந்து இறங்கிச் சந்திக்குப் போனது. அங்கே கிறிஷாந்த் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்.

"டேய் கிறிஷாந்த், ஒங்கக்கா காலைத் தூக்கி ஆடுறாவாமே. எங்க வீட்டு விசேஷத்துக்கும் வருவாவா?" என்று வேன்காரர்கள் கேட்டார்கள்.

அன்றைக்கு வீட்டில் சோற்றுக்கோப்பை பறந்தது. "ஒனக்குப் பைத்தியமாக்கா? நான் நாளைக்கு அந்தப் பிள்ளைகள வேன்ல ஏத்தணுமா வேணாமா?"

"ஏத்து. ஒன் வேன்ல நான் ஆடலியே."

சுதர்சினிக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பயம். அவள் கெட்டவள் இல்லை. புருஷன் மானமும் போகக்கூடாது, மதினியும் வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்று யோசித்தாள். அவளுடைய பிறந்த வீட்டில் மாசிமகத்துக்கு அவளுடைய அப்பா, சித்தப்பா, மூத்த அண்ணன் எல்லோரும் வருஷம் தவறாமல் காவடி எடுத்து ஆடுகிறவர்கள். நேர்த்திக்கடன் வைத்து ஆடுகிறவனை யார் என்ன சொன்னார்கள்? அடுத்த சனிக்கிழமை மாடிப்படியடியில் போய் நின்று, றமீஸாவிடமும் மற்றவர்களிடமும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அது அந்தோனியாருக்கு வச்ச நேர்த்திங்க. ஒரு வருஷத்துக்கு ஆடுறேன்னு வேண்டிக்கிட்டாங்க. வெளிய சொல்லப்படாது."

வெளியே சொல்லக்கூடாதென்றால் எங்கள் பக்கத்தில் அது விடிந்து பாண் கடை திறப்பதற்கு முன்னால் ஊரெல்லாம் பரவிவிடும்.

மறுவாரம் மரியாயி படியேறும்போது தாய்மார் எழுந்து வழிவிட்டார்கள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேன்காரர்கள் வாயை மூடினார்கள். றமீஸாகூட ஒருநாள் ஓரமாக வந்து, "மரியாயி, எங்கட தம்பி ஜிப்ரிக்கு கட்டார் விசா இன்னும் வருதில்ல. ஒங்கட நேர்த்தியில அவனயும் ஒரு சொல்லு சொல்லிக்கோங்களே" என்றாள்.

"என்ன நேர்த்தி?"

"தெரியும், வெளிய சொல்லப்படாது" என்று றமீஸா கண்ணைச் சிமிட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் மரியாயி சுதர்சினியைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள, நான் எப்ப நேர்ந்தேன்?"

"மதினி, கோவிக்காதீங்க. நேர்த்தின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இப்ப நிம்மதியாத்தானே போறீங்க?"

அது உண்மைதான். நிம்மதியாகத்தான் போனாள். அதனால் மூன்று சனிக்கிழமை அவள் வாயைத் திறக்கவில்லை. அது அவள் செய்த பிழை. அதற்குள் ஒருத்தி மகளின் கல்யாணத்தைச் சொன்னாள், ஒருத்தி காணாமல் போன பசுவைச் சொன்னாள், நாலந்தாவிலிருந்து யாரோ மெழுகுதிரிக் கட்டு ஒன்று கொடுத்தனுப்பினார்கள். மரியாயி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, தோட்டத்து அந்தோனியார் கோயிலில் நவநாள் ஜெபம். லூர்தம்மா வந்தாள். மரியாயியின் சின்னம்மா மகன் பெஞ்சமின் கட்டியது இவளுடைய அக்காளைத்தான், ஆகவே சொந்தம். லூர்தம்மாவின் மகனுக்குப் பத்தொன்பது வயதில் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரம் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் பண்ணி வருகிறான். அவள் மகனுடைய முகம் துடைக்கிற லேஞ்சி ஒன்றை மரியாயியின் கைக்குள் வைத்து அழுத்தினாள்.

"ஆடுறப்ப இத இடுப்புல செருகிக்க அக்கா. ஒன் காலுக்கு அந்தோனியார் எறங்குவாரு."

துவைத்து மடித்த லேஞ்சி. பையனுடைய பேரின் முதலெழுத்தை மூலையில் நூலால் தைத்திருந்தார்கள். பசுவுக்குத் தலையாட்டியவளால் இதற்கு ஆட்ட முடியவில்லை.

நவநாள் முடிந்து, வேண்டியது கிடைத்தவர்கள் எழுந்து சாட்சி சொல்கிற நேரம். மரியாயி எழுந்தாள். ஜனங்கள் முகத்தை மலர்த்திக்கொண்டு திரும்பினார்கள். முன்பெஞ்சில் கிறிஷாந்தும் சுதர்சினியும் இருந்தார்கள்.

"நான் ஒரு நேர்த்தியும் வைக்கல" என்றாள் மரியாயி. "புனிதர் பேரச் சொல்லி ஊர் பேசுறது பொய். நான் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தது அதவிடப் பொய். நான் பாலேக்குப் போறது எனக்கு ஆசையா இருக்குங்கிறதுக்காக. வேற ஒண்ணும் இல்ல."

லூர்தம்மா வந்து லேஞ்சியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"ஒன் மகனுக்கு நான் தினமும் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணுவேன் லூர்து. அது வேற. ஆட்டம் வேற."

"ஒன் ஜெபம் ஒன்னோட இருக்கட்டும்" என்று அவள் போய்விட்டாள். அது மரியாயிக்குத் தைத்தது. தைத்தாலும் திரும்பக் கூப்பிடவில்லை.

கிறிஷாந்த் முன்னால் விறுவிறுவென்று நடந்தான். சுதர்சினிதான் அழுதுகொண்டே வந்தாள். "ஒரு பொய் எல்லாருக்கும் நல்லா இருந்துச்சே மதினி. அதப் போயி ஒடைச்சீங்களே."

"ஒடைக்காம அத மிதிக்கிற வித்தை எனக்குத் தெரியல புள்ள."

சனிக்கிழமை வந்தது. படியில் ஒருவரும் எழும்பவில்லை. மரியாயி ஓரம் பார்த்து ஏறினாள். வகுப்பு முடிந்து இறங்கும்போது றமீஸா மறித்தாள். அவள் முகத்தில் கோபத்தைவிட அலுப்புத்தான் கூட இருந்தது.

"மரியாயி, எனக்கும் ஒங்களோட சண்ட இல்ல. இவங்க எல்லாரும் புள்ளைகள நிப்பாட்டப் போறதா சொல்லுறாங்க. ஒண்டு செய்ங்க. முழங்கால் வருத்தம், டொக்டர் செய்யச் சொன்னார் எண்டு சொல்லுங்க. நான் பேசி அடக்குறன்."

"எனக்கு முழங்கால்ல வலியே இல்லங்க. இங்கேருந்து மாத்தளைக்கு நடந்து போயிட்டு வருவேன்."

"அது ஒங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்!"

"இப்பதான் ஒரு பொய்யக் கழுவிட்டு வந்தேன். கால் காயல, மறுபடி அதுக்குள்ள வைக்கச் சொல்றீங்களா?"

"அப்ப என்னத்துக்குத்தான் ஆடுறீங்க?"

"ஆசை."

"இந்த வயசிலயா ஆசை?"

"போன வயசுல வந்திருந்தா போன வயசுலயே ஏறியிருப்பேன். இப்பதான் வந்துச்சு."

றமீஸா குடையை விரித்துக்கொண்டு போனாள். அன்றைக்கே ஐந்து தாய்மார் ஜெனிஸ்டாவிடம் போய், அந்த மனுஷி நின்றால் எங்கள் பிள்ளைகள் நிற்காது என்று சொன்னார்கள். ஐந்து பிள்ளை போனால் வகுப்பே படுத்துவிடும். ஜெனிஸ்டா மிளகுத் தரைக்கே இறங்கி வந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"ஆவணி மாசம் பிள்ளைகள் மேடை ஏறுற கச்சேரி முடியட்டும் அக்கா. அதுவரைக்கும் வராதீங்க. பொறகு பாப்பம்."

"கச்சேரிக்கு நான் வரலங்க மிஸ். கம்பியப் புடிச்சா போதும்."

"தெரியும். ஆனா என்னால ஏலாது."

மரியாயி சப்பாத்தைக் கடதாசியில் சுற்றி ஹாஜியாரின் மேசை லாச்சியில் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணி. மேலே பியானோ தொடங்கியது. மரியாயி கடையின் முன்கதவு இரண்டையும் அகலத் திறந்தாள். படியில் குந்தியிருந்தவர்களுக்கு உள்ளே தரை முழுக்கத் தெரியும். பச்சை மிளகைப் பரப்பினாள். தராசுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்தாள். மேலே ஜெனிஸ்டாவின் குரல் பலகை வழியாக விழுந்தது: "இறங்குங்க, ரெண்டு, மூணு, எழும்புங்க." மரியாயி இறங்கினாள், எழும்பினாள். வெறுங்கால். ஒவ்வொரு எழும்பலுக்கும் மணி காம்பைவிட்டுக் கழன்றது.

படியில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை.

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். "மரியாயி, நீ மிதிக்கிறியா ஆடுறியா?"

"மணி ஒடைஞ்சா கேளுங்க ஹாஜியார்."

அவர் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. "அப்ப எனக்கென்ன" என்று பத்திரிகையை விரித்தார். றமீஸா வெளியிலிருந்து, "மாமா, நீங்களாவது சொல்லுங்களே" என்றாள். "நான் சொல்லுறதுக்கு அவ என்ட மருமகளா?" என்று பத்திரிகைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

இரண்டாவது சனிக்கிழமையும் அப்படித்தான். இந்தத் தரம் யாரும் சிரிக்கவில்லை. பார்க்காமல் இருக்கத்தான் பாடுபட்டார்கள். கதவு பூட்டியிருந்தால் அவர்களுக்கு லேசு. கதவு திறந்திருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, பாட்டு பாதியில் நின்றது. பிறகு மேலே பலகை இடுக்கிலிருந்து குரல் வந்தது, யாரோ தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கத்துகிற மாதிரி.

"மரியாயி அக்கா! எடது முழங்கால் மடங்குது!"

படியில் இருந்தவர்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள். மரியாயியும் பார்த்தாள். இடுக்கில் ஒரு கண்.

"மடங்கலங்க மிஸ். காம்பு விரல்ல சிக்கிருச்சு."

"பொய் சொல்லாதீங்க. போன கெழமையும் மடங்கிச்சு."

"அப்ப மூணு கெழமையாப் பாக்குறீங்களா?"

மேலே பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தன. கண் மறைந்தது. ஜெனிஸ்டா படித் தலைப்பில் வந்து நின்றாள். தாய்மாரைப் பார்த்துத்தான் சொன்னாள், மரியாயிக்குக் கேட்கும்படி: "கீழே இருக்கிறவங்க காலை எனக்கு இங்கேருந்து திருத்த ஏலாது. மேல வாங்க, மரியாயி அக்கா. பிள்ளையக் கூட்டிட்டுப் போறவங்க இப்பவே கூட்டிட்டுப் போகலாம். பயந்து பயந்து நடத்துறதுக்கு நான் பத்து வருஷம் படிக்கல்ல."

மரியாயி குழாயடிக்குப் போனாள். கழுவினாள். கறுப்பு முழுக்கப் போகவில்லை, போகும்வரை தேய்க்கவும் இல்லை. லாச்சியைத் திறந்து கடதாசிச் சுற்றை எடுத்தாள். படியடியில் வந்து நின்றாள். அடிப்படியில் மேட்டுப் பக்கம் குடியிருக்கும் ஒரு தாய் காலை நீட்டி வழியை அடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவளிடம் சத்தமாகச் சொன்னாள்: "நேர்த்தியும் இல்ல, வருத்தமும் இல்ல. பொறகு என்னத்துக்காம்?"

"கால மடக்குங்க" என்றாள் மரியாயி. "எனக்கு நேரமாச்சு."

அவள் மடக்கினாள். அடுத்த படியில் றமீஸா இருந்தாள். எழும்பவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் பக்கத்தில் விரித்து வைத்திருந்த குடையைச் சுருக்கி மடியில் எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு இரண்டு தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அழுதுகொண்டே போன அந்தப் பிள்ளைகள் இரண்டும் முன்வரிசையில் நின்றவை. மரியாயி வழக்கம்போல் பின்னால் போய் நிற்கப் போனாள். பிறகு அந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். முன்வரிசைக்கு நடந்து போய், ஷஸ்னாவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தாள்.

"நீங்க உயரம். பின்னுக்குத்தானே நிக்கணும்?" என்றாள் ஷஸ்னா.

"இங்கதான் எடம் இருக்கு."

கடைசியில் குதிக்கிற பாடம். பத்துப் பேரும் ஒன்றாகக் குதித்தார்கள். ஒன்பது பிள்ளைகளின் பாரம் ஒரு பக்கம், மரியாயியின் பாரம் ஒரு பக்கம். கீழே மிளகில் தூசி கொட்டியது.

"மரியாயீ!" என்று ஹாஜியார் பலகைக்குக் கீழிருந்து கத்தினார். "மனுஷன் தின்னுற சாமான்!"

"சாக்கப் போட்டு மூடுங்க ஹாஜியார்!" என்று மரியாயி மேலிருந்து கத்திவிட்டு, இன்னொரு தரம் குதித்தாள்.